எப்படியோ திறந்த கதவு

சனிக்கிழமை சாயங்காலம் என் தங்கை வந்தாள். கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“அக்கா, சுண்டெலி கதையில இருக்காளா, இல்லையா?”

“எந்தச் சுண்டெலி?”

“நமக்கு எத்தனை சுண்டெலியைத் தெரியும்? வெட்டுக்கிளிக் கப்பல் சுண்டெலி.”

“இருக்காளே. அவ இல்லாம அந்தக் கப்பல் எங்கே போகும்?”

“அதைத்தான் நானும் சொன்னேன், எட்டுப் பேர் முன்னாடி. எட்டுப் பேரும் சிரிச்சாங்க.”

வெட்டுக்கிளிக் கப்பல் ஆறு புத்தகங்கள் கொண்ட தொடர். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுகிற ஒரு பழைய விண்கலம், அதில் தலைவன், வரைபடக்காரன், வானொலிக்காரன், சமையல்காரன் என்று நான்கு பையன்கள். கூடவே சுண்டெலி. குழாய்களுக்குள் ஊர்ந்து போய்க் கப்பலைப் பழுதுபார்க்கிற சின்னப் பெண். இடதுகைக்காரி. ஒரு கால் செருப்பை எப்போதும் தொலைத்துவிடுவாள்.

அதைப் படித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, தங்கைக்கு எட்டு. அம்மா ஆறு மணிக்கு வேலையிலிருந்து வரும்வரை வீட்டுக்குள் போக எங்களிடம் சாவி கிடையாது. நான்காவது மாடியில், பூட்டிய எங்கள் கதவுக்கும் என்றைக்கோ நின்றுபோன லிஃப்டுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருப்போம். பள்ளி நூலகத்தில் என் வகுப்புக்குத்தான் புத்தகம் கொடுப்பார்கள். நான் வாய்விட்டுப் படிப்பேன். அவள் லிஃப்டின் கம்பிக் கதவில் நெற்றியை அழுத்திக்கொண்டு, உள்ளே தொங்கும் கயிறுகளைப் பார்த்தபடி கேட்பாள்.

அவளுக்குப் படிக்க வராது. எழுத்து தெரியும், சொல் நிற்காது. ஒரு வரியைப் பார்த்தால் கூட்டமான பஸ்ஸில் ஆட்கள் இடம் மாறி மாறி உட்காருவது போல எழுத்துகள் நகர்கின்றன என்பாள். காதால் கேட்டே பள்ளியைத் தாண்டினாள். இப்போது லிஃப்ட் மெக்கானிக். மின்சுற்று வரைபடத்தை மற்றவர்கள் காலைப் பேப்பர் பார்ப்பதைவிட வேகமாகப் பார்த்துவிடுவாள். வேலை அறிக்கையை மட்டும் கூட வருகிறவரிடம் சொல்லி எழுத வைப்பாள். நாற்பத்தொரு வயதுக்குள் ஒரு முழுப் புத்தகத்தையும் அவள் தானாகப் படித்ததில்லை. அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். அம்மா இப்போது இல்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் கிளை நூலகத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கப் போயிருக்கிறாள். மாடி அறையில் சனிக்கிழமைதோறும் எட்டுப் பேர் கூடி, சின்ன வயதில் படித்த வெட்டுக்கிளிக் கப்பலை மறுபடி படிக்கிறார்கள். வாரம் ஓர் அத்தியாயம், ஆளுக்கொரு முறை. எல்லாரும் நரை கண்டவர்கள். கதவோரம் நின்று கேட்டவளை நூலகர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். அடுத்த மூன்று வாரமும் இவள் போனாள். படிக்கச் சொன்னபோதெல்லாம் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொன்னாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது.

இன்றைக்கு மூன்றாம் புத்தகத்தில் கப்பலின் கதவு இறுகி நாலு பேரும் மாட்டிக்கொள்கிற இடம் நெருங்கியதாம். “இதோ சுண்டெலி வரப்போறா” என்று இவள் வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள். “அது யாரு?” என்று கேட்டார் அந்த எட்டுப் பேரில் ஒருவரான பஸ் டிரைவர். இவள் விவரமாகச் சொல்ல, அப்படி ஒருத்தியே கிடையாது என்று எல்லாரும் சாதித்திருக்கிறார்கள். கடைசியில் அங்கே வருகிற ஒரு பல் டாக்டர், “முதல்ல புத்தகத்தைப் படிச்சுட்டு வாங்கம்மா” என்றாராம்.

“அவர் சும்மாதான் சொன்னாரு,” என்றாள் தங்கை. “ஆனா சரியா அங்கேயே குத்துச்சு. அடுத்த வாரம் அந்த அத்தியாயத்தை நானே படிக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

“நீயா?”

“கோபத்துல வந்துருச்சு. திரும்ப எடுக்க முடியல.” பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். “என் பேர்ல கார்டு போட்டு எடுத்தது. சுண்டெலி எந்தப் பக்கத்துல இருக்கான்னு காட்டு. அந்தப் பக்கத்தைத் தூக்கி அவர் மூஞ்சிக்கு நேரா காட்டணும்.”

அதே அட்டைதான். பச்சை வானம், கால் மடக்கி நிற்கிற கப்பல். கையில் வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்தேன். நாளைக்குள் கண்டுபிடித்து வைக்கிறேன் என்று அனுப்பினேன்.

என் வேலை பிழை திருத்துவது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களில் அச்சாவதைப் படிப்பேன். உணவுக்கு முன் என்பது பின் என்று மாறிவிடக் கூடாது. இருபது வருடமாக ஓர் எழுத்தைக்கூட என்னைத் தாண்டி மாறவிட்டதில்லை என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து, அந்தக் கர்வத்தோடுதான் முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

முதல் அத்தியாயத்தில் அவள் இல்லை. அடுத்ததில் வருவாள் என்று நினைத்தேன். அதிலும் இல்லை. பதிப்பு விவரத்தைப் பார்த்தேன். நான் படித்த அதே பதிப்பு. பையன்கள் நினைவில் இருந்ததைவிட அசடாக இருந்தார்கள். சமையல்காரனின் குண்டு உடம்பை வைத்துப் பக்கத்துக்குப் பக்கம் கேலி செய்தார்கள். அதற்கெல்லாம் நானா விழுந்து விழுந்து சிரித்தேன் என்று கூச்சமாக இருந்தது. ஆனால் கப்பல் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் ஓசையில்லாமல் நிற்கும் இடம் வந்தபோது, அதே பழைய குளிர் முதுகில் ஏறியது. அது மட்டும் கிழடாகவில்லை.

தொண்ணூற்றேழாம் பக்கம். கதவு இறுகிவிட்டது, உள்ளே காற்று குறைகிறது. நான்கு பேரும் கதவைப் பிடித்து இழுக்கிறார்கள். மூன்று பக்கத்துக்கு இழுக்கிறார்கள். அப்புறம் ஒரே ஒரு வரி: எப்படியோ கதவு திறந்துகொண்டது.

அந்த வரியின் மேல் விரலை வைத்தேன். விரலுக்கடியில் அந்தச் சாயங்காலம் முழுசாக இருந்தது.

“எப்படியோன்னா எப்படி?” என்று கேட்டாள் எட்டு வயதுத் தங்கை.

“எப்படியோன்னா எப்படியோதான். படிக்க விடு.”

“கதவு சும்மா திறக்காதுக்கா. இது திறக்குதா பாரு.” லிஃப்டின் கம்பிக் கதவை ஓங்கி உதைத்தாள். செருப்பு கழன்று, கம்பி இடைவெளி வழியாக லிஃப்ட் குழிக்குள் விழுந்தது. “பார்த்தியா. யாராச்சும் உள்ளே போய்த் திறக்கணும்.”

எனக்கு அம்மா வருவதற்குள் அத்தியாயத்தை முடிக்க வேண்டும். “ஆமா, சுண்டெலி குழாய் வழியா உள்ளே போனா” என்றேன்.

“யாரு சுண்டெலி?”

“முதல்லேருந்தே இருக்கா. நீ தூங்கிட்டே.”

இவ்வளவுதான். அவள் உடனே முதல் புத்தகத்திலிருந்து மறுபடி படிக்கச் சொன்னாள். நான் படித்தேன், இல்லாதவளைச் சேர்த்துச் சேர்த்து. ஆறு புத்தகத்துக்கும் அவளுக்கு வசனம் கொடுத்தேன். தொலைந்த செருப்பைக் கொடுத்தேன், இடதுகையைக் கொடுத்தேன். யாரைப் பார்த்து உருவாக்குகிறோம் என்று தெரியாமலே, எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத்தான் உண்டாக்கியிருக்கிறேன். பிறகு நானே அதை மறந்து, படித்த கதை என்றே முப்பத்து மூன்று வருடம் நம்பியும் இருக்கிறேன்.

காபியில் ஆடை கட்டிவிட்டது. இது சுருக்கிய பதிப்பு என்று தங்கையிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்த அத்தியாயத்தை நானே பெரிய எழுத்தில் அடித்துத் தருவதாகச் சொல்லி, சுண்டெலியை உள்ளே நுழைத்துவிடலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை. வெகு நேரம் அந்த யோசனையோடு இருந்தேன். கூசியது பொய்க்காக அல்ல. அவளுக்குத் தெரியப் போவதில்லை என்று நினைத்தபோது எனக்குள் எட்டிப் பார்த்த ஒரு சொகுசு இருந்ததே, அதற்காக. அது புதிதில்லை. அந்த நான்காவது மாடியிலேயே அது இருந்திருக்கிறது. நான் இல்லாமல் அவளுக்குக் கதை கிடையாது என்கிற சொகுசு.

மத்தியானம் அவள் வந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை அலம்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அப்போ காற்றுக் குழாயில தலை மாட்டிக்கிட்டு அழுதது?”

“நீதான். படிக்கட்டுக் கம்பியில மாட்டிக்கிட்டியே, நாலாம் வீட்டு அண்ணன் எண்ணெய் போட்டு எடுத்தாரே.”

“கடைசிப் புத்தகத்துல தலைவன் அவகிட்ட மன்னிப்புக் கேட்டது?”

“அது நான் வச்சது. அவன் கேட்டிருக்கணும்னு தோணுச்சு.”

அவள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். “முதல் தடவை லிஃப்ட் குழியில இறங்கறப்போ ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்க்கா. கூட வந்தவங்க எல்லாம் ஆம்பளைங்க, மேல நின்னு வேடிக்கை பார்க்கறாங்க. சுண்டெலி இறங்கலையான்னு நினைச்சுத்தான் இறங்கினேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். இப்போ வந்து, அப்படி ஒருத்தியே இல்லைங்கறே.”

நெஞ்சுக்குள் வெகுநாள் கிடந்த வேறொன்றுதான் வாயில் வந்தது. “நான் படிச்சுக் காட்டாம இருந்திருந்தா நீயே படிக்கக் கத்துக்கிட்டிருப்பே.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “ரொம்பப் பெருசா நினைச்சுக்காதே. நீ இருந்தாலும் இல்லேன்னாலும் எழுத்து எனக்கு நிக்காது. நீ இல்லேன்னா கதையும் இருந்திருக்காது, அவ்வளவுதான்.”

“சனிக்கிழமை என்ன பண்ணப் போறே?”

“படிக்கிறேன்னு சொன்னேன், படிக்கணும். பெரிய எழுத்துல, வரிக்கு வரி இடம் விட்டு அடிச்சுக் கொடு. புத்தகத்துல என்ன இருக்கோ அதை அப்படியே அடி. ஒரு எழுத்து மாத்தாதே. சுண்டெலியை நான் பார்த்துக்கறேன்.”

பதினோரு பக்கம் அச்சில் இருந்தது, நான் அடித்ததில் முப்பத்தொன்பது தாளானது. திங்கட்கிழமையிலிருந்து வேலை முடிந்ததும் அவள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். அவள் வயர்களுக்கு அடையாளம் வைக்கிற நிற டேப்பை வெட்டி, மூச்சு விட வேண்டிய இடத்தில் சிவப்பும் பெயர் வரும் இடத்தில் மஞ்சளும் ஒட்டினாள். இரும்பு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தினாள். நீளமான சொற்களைப் பாகம் பாகமாகக் கழற்றினாள்.

“அழுத்தக் கட்டுப்பாட்டறை,” என்று நாலாவது முறை தடுக்கி விழுந்தபோது, “இந்த வார்த்தைக்கு லிஃப்ட் வைக்கணும், படியேறி முடியல” என்றாள்.

புதன்கிழமை அவளால் முடியவில்லை. அன்றைக்கு மூன்று கட்டடங்களில் வேலை. கண் சிவந்திருந்தது. எட்டாம் தாளில் ஒரே வரியை ஆறு தரம் படித்தாள். ஆறு தரமும் வேறு வேறாக வந்தது. ஸ்கேலைத் தூக்கி எறிந்தாள். அது அடுப்பு மேடையில் மோதி விழுந்தது.

“கண்ணாடி மறந்துட்டேன்னு சொல்லிடறேன். இல்லாத கண்ணாடியை இன்னொரு தடவை மறந்தா என்ன?”

நான் படிக்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்துகொள் என்ற வாக்கியம் என் நாக்கின் மேலேயே இருந்தது. அதைச் சொல்லியே வளர்ந்தவள் நான். கடையில், மருத்துவமனையில், அவள் வீட்டு வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துக்கு முன்னால், எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய் ஸ்கேலை எடுத்து வந்து, அவள் முன்னால் வைத்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சொல்லேன். நான் படிக்கிறேன்னு சொல்லேன்.”

“மாட்டேன்.”

“சொல்லத் துடிக்குது உனக்கு.”

“துடிக்குது. சொல்ல மாட்டேன்.”

“கல் நெஞ்சக்காரி,” என்று சொல்லிவிட்டு, ஸ்கேலை எட்டாம் தாளில் வைத்தாள்.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். லிஃப்டில் ஏறும்போது நிபந்தனை போட்டாள். “கடைசி நாற்காலி. நான் திக்கினா எடுத்துக் கொடுக்கக் கூடாது. உன் உதடு அசைஞ்சா எழுந்து வெளியே போகச் சொல்லிடுவேன். எல்லாருக்கும் முன்னாடி.”

நீள மேசை, சுற்றிலும் நாற்காலிகள், ஜன்னல் வழியாக வெயில். நூலகர் சின்ன உடம்புப் பெண்மணி, பேனாவைக் கொண்டையில் செருகியிருந்தார். பல் டாக்டர் உயரமான மனிதர். என் தங்கையைப் பார்த்ததும், “என்னம்மா, எலி கிடைச்சுதா?” என்றார். பஸ் டிரைவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. தாள்களை மேசைமேல் வைத்து, ஸ்கேலை எடுத்தாள்.

“எனக்குப் படிக்க வராது,” என்றாள். “கண்ணாடின்னு சொன்னது பொய். மெதுவாத்தான் போகும். யாரும் எடுத்துக் கொடுக்காதீங்க.”

பல் டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு வைத்த இடத்திலேயே நின்றுபோயிற்று.

அவள் தொடங்கினாள். முதல் வரிக்கே நெடுநேரம் ஆனது. இரண்டாவது வரியில் தடுக்கி, திரும்பிப் போய், மறுபடி வந்தாள். ஒவ்வொரு சொல்லையும் தாங்குமா என்று அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். எனக்கு அத்தியாயம் மனப்பாடம். அவள் நிற்கும்போதெல்லாம் அடுத்த சொல் என் தொண்டைக்குள் முட்டியது. உதட்டைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன். ஆனால் அந்த வேகத்தில் ஒன்று நடந்தது. கப்பலுக்குள் காற்று குறைவது கேட்டது. வேகமாகப் படித்தவர்கள் யாருக்கும் அது அப்படிக் கேட்டிருக்காது. பஸ் டிரைவர் முழங்கையை மேசையில் ஊன்றி முன்னால் சாய்ந்தார். அழுத்தக் கட்டுப்பாட்டறை வந்தது. என் தங்கை அதை ஒரே மூச்சில் ஏறிக் கடந்தாள்.

நான்கு பேரும் இழுத்தார்கள். மூன்று பக்கமும் இழுத்தார்கள். “எப்படியோ” என்று படித்து, அவள் நின்றாள்.

திக்கிவிட்டாள் என்று நினைத்துப் பல் டாக்டர் மெல்ல வாயைத் திறந்தார். அவள் இடது கையைத் தூக்கினாள். அவர் மூடிக்கொண்டார்.

“எப்படியோ கதவு திறந்துகொண்டது,” என்று முழுதாகப் படித்தாள். பிறகு ஸ்கேலைத் தாள்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “இதுதான் அச்சுல இருக்கு. ஒரு எழுத்து மாத்தல. இப்போ நீங்க சொல்லுங்க. எப்படித் திறந்துச்சு?”

“அதான் எனக்கும் சின்ன வயசுலேருந்து உறுத்தல்,” என்றார் நூலகர். “எழுதினவர் அவசரத்துல இருந்திருப்பார்.”

“கதவு அப்படித் திறக்காதுங்க. இந்த மாதிரிக் கதவு மேல, சுவருக்குள்ள, ஒரு கொக்கியில பூட்டும். கதவை இழுக்க இழுக்க அந்தக் கொக்கி இறுகும். நாலு பேரும் மூச்சைக் கொடுத்து இழுக்கறானுங்களே, அவனுங்கதான் கதவைப் பூட்டி வச்சிருக்கானுங்க.” பஸ் டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் நிறுத்தவில்லை. “கொக்கிக்குப் பக்கத்துல ஒரு சின்ன உருளை இருக்கும். அதை உள்ளேருந்து ஒரு விரலால தள்ளினா போதும். ஆனா அங்கே போக இவனுங்களுக்கு உடம்பு நுழையாது. சுண்டெலிக்கு நுழையும். செருப்புல ஒண்ணு குழாய்லயே போச்சு. இருட்டு. கையைத் துழாவி உருளையைப் பிடிச்சுட்டா. தள்ளறா, நகரல. ஏன்னா அந்தப் பக்கம் அவனுங்க இழுத்துட்டே இருக்கானுங்க. அவ கத்தறா: கையை எடுங்கடா.”

பஸ் டிரைவர் மேசையில் ஊன்றியிருந்த கையை எடுத்தார்.

“தலைவனுக்குக் கையெடுக்க மனசு வரல. இழுக்கறதை விட்டா செத்துடுவோம்னு நினைக்கிறான். அவ மறுபடி சொல்றா. நாலு பேரும் கையை எடுத்தாங்க.” இடது கைச் சுட்டுவிரலை மடக்கி, காற்றில் எதையோ மெல்லத் தள்ளினாள். “டக்.”

இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. நான் சொன்ன சுண்டெலி ஹேர்பின்னால் எதையோ குடைந்தாள், அவ்வளவுதான். பதின்மூன்று வயதில் எனக்குக் கதவைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் தங்கை வேலைக்குப் போன நாளிலிருந்து குழிக்குள் இறங்கி இறங்கி, அந்த வரியைச் சரிசெய்து கொண்டு வந்திருக்கிறாள்.

அவள் ஸ்கேலை மறுபடி எடுத்து, மிச்சம் இருந்த நான்கு தாளையும் படித்து முடித்தாள். மஞ்சள் டேப் வரும் இடமெல்லாம் பையன்களின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் சுண்டெலியையும் நிற்க வைத்தாள். கடைசித் தாளைக் கவிழ்த்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். பஸ் டிரைவர்தான் முதலில் கை தட்டினார், பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவது போல உள்ளங்கையால் மேசையில். பிறகு எல்லாரும்.

“எல்லாம் சரிம்மா,” என்றார் அவர். “ஆனா முதல் ரெண்டு புத்தகத்தையும் நாங்க இங்கேயே படிச்சுட்டோமே. அதுல அவ எங்கே இருந்தா?”

“முதல்லேருந்தே இருந்தா. நீங்க தூங்கிட்டீங்க.”

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நூலகர் எழுந்து அலமாரிக்குப் போய், முதல் புத்தகத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

பல் டாக்டர் மூன்றாம் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். அடுத்த அத்தியாயம் அவர் முறை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பத்தியின் மேல் விரலை ஓடவிட்டார். பிறகு என் தங்கையைப் பார்த்தார்.

“இதுல அவ எங்கே நிக்கறாம்மா? கொஞ்சம் சொல்லிட்டீங்கன்னா வீட்டுல படிச்சுப் பார்த்துட்டு வருவேன்.”

“சமையலறையில,” என்றாள் தங்கை, யோசிக்காமல். “செருப்பைத் தேடிட்டு.”

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். அவள் மேசைக்கு அப்பாலிருந்து என் உதட்டைப் பார்த்தாள். அது அசையவில்லை. சிரித்துச் சிரித்துக் கன்னம்தான் வலித்தது.